21 பத்திரத்தையும் காய்ச்சிக் குடிக்கலாமா?

#1 காவிரிமருமகள்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் விநாயகர் சதுர்த்தி நல்லபடியாக முடிந்தது. மாமனார் ஆசைப்பட்டார் என்று இந்த வருடம் 21 பத்திரமும் தேடிப்பிடித்து அர்ச்சனை செய்தோம். பூக்கடையில் கட்டாக விற்றார்கள். கட்டில் இல்லாததை அவரே தெருத்தெருவாக அலைந்து பறித்து வந்தார்.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. 21 இலையும் 21 நோய்க்கு மருந்தாம். முன்னோர்கள் பூஜை என்ற பெயரில் மருத்துவத்தை ஒளித்து வைத்தார்களாம். பூஜை முடிந்த இலைகளை நிழலில் உலர்த்திக் கஷாயம் வைத்து ஒரு மண்டலம் குடித்தால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஓடிவிடுமாம். இப்போது மொட்டை மாடியில் முறம் நிறைய இலை காய்கிறது.

அவருக்கு வயது 71. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். பி.பி. மாத்திரை உண்டு. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் கொடுத்திருக்கிறார்கள். இது போக, தினமும் காலையில் வெறும் வயிற்றில் வில்வ இலையும் ஒரு கைப்பிடி துளசியும் மென்று தின்பது வழக்கம்.

'குடிக்காதீர்கள் மாமா' என்று நான் வெறுமனே சொன்னால் எடுபடாது. காரணத்தோடு சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

#2 சித்தர்வழி

தாராளமாகக் குடிக்கலாம் சகோதரி. மூலிகைக்குப் பக்க விளைவு கிடையாது. பக்க விளைவெல்லாம் ஆங்கில மருந்துக்குத்தான். 5000 வருடமாகப் பூஜையில் இருக்கும் இலை விஷமாக இருந்தால் நம் முன்னோர் விட்டு வைத்திருப்பார்களா? பெரியவர் நல்ல காரியம்தான் செய்கிறார், தடுக்காதீர்கள்.

#3 நாட்டுமருந்துக்கடை

அம்மா, முதலில் அந்த முறத்தை யார் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறது. மூலிகைக்கு எதிராகப் பேசினால் எனக்குத்தான் நஷ்டம். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

21 பத்திரப் பட்டியல் ஊருக்கு ஊர் சற்று மாறும். மாசிப்பத்திரி, வில்வம், அருகு, இலந்தை, நொச்சி, மருவு, கண்டங்கத்தரி, வன்னி, மாதுளை என்று போகும். ஆனால் எருக்கு, ஊமத்தை, அரளி மூன்றும் ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் இருக்கும். இந்த மூன்றும் இன்னொரு பட்டியலிலும் இருக்கின்றன. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 1945ஆம் வருட விதிகளில் அட்டவணை ஈ(1) என்று ஒன்று உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் விஷப் பொருட்களின் பட்டியல் அது. அதை எழுதியவர்கள் ஆங்கில மருத்துவக்காரர்கள் இல்லை. நம் மருத்துவ நூல்கள் எதையெல்லாம் விஷம் என்று சொல்லியிருந்தனவோ அதைத்தான் சட்டத்தில் ஏற்றினார்கள். அர்க்கம் என்று அதில் இருப்பது எருக்கு. தத்தூரம், ஊமத்தை. கரவீரம், அரளி. கூடவே குன்றிமணி, செங்காந்தள், எட்டி, நாவி, சேராங்கொட்டை, கள்ளி, பங்கி எல்லாம் இருக்கின்றன.

இவை சேர்ந்த மருந்தை விற்றால் 'மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்று புட்டியில் அச்சிட வேண்டும். அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போடச் சொல்கிறது விதி, தமிழில் போடச் சொல்லவில்லை. எங்கள் கடைக்கு வருகிற பெரியவர்கள் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்!

ஆக, சித்தர்வழி ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: முன்னோருக்கு இது விஷம் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சுவாமிக்குச் சாத்தினார்கள். ஆலகாலத்தையே உண்டவருக்கு ஊமத்தையும் எருக்கும் சூட்டினார்கள். தேவாரம் முழுக்க ஈசன் தலையில் மத்தம், அதாவது ஊமத்தை இருக்கிறது, அடியார் வாயில் எங்கும் இல்லை.

#4 மருந்தாளுநர்72

கடைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

மூன்றில் மிக மோசமானது அரளி. செவ்வரளியோ மஞ்சளரளியோ, இலை, பூ, விதை, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும். துடிப்பு குறைந்துகொண்டே போகும், தாளம் தப்பும். உலர்த்தினாலும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கஷாயம் வைத்தால் இலையில் இருந்ததைத் தண்ணீருக்கு இறக்கிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபலமின் வகை. வாய் உலரும், கண்பாவை விரியும், சிறுநீர் கட்டும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஆளைப் பிடித்து நிறுத்த முடியாது. புராஸ்டேட் வீக்கம் உள்ள 71 வயதுக்காரர் என்றால் சிறுநீர் அடைப்பு ஒன்றே போதும்.

காவிரிமருமகள், ஒரு கேள்வி. துடிப்பு சீராக இல்லை என்கிறீர்கள். மருந்துச் சீட்டில் டிகாக்சின் இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

#5 காவிரிமருமகள்

இருக்கிறது ஐயா. டிகாக்சின் 0.25, வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள்? பயமாக இருக்கிறது.

#6 மருந்தாளுநர்72

பயப்பட வேண்டாம், இன்னும் ஒரு மடக்கும் குடிக்கவில்லையே. ஏன் கேட்டேன் என்றால் டிகாக்சினும் அரளி நஞ்சும் ஒரே குடும்பம். இரண்டும் இதயத்தில் ஒரே பூட்டில்தான் கை வைக்கின்றன. டிகாக்சினுக்கு மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் பல மருத்துவர்கள் வாரம் இரண்டு நாள் இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். அதன் மேல் அரளிக் கஷாயத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சித்தர்வழி அவர்களுக்கு: டிகாக்சினும் செடியிலிருந்து வந்ததுதான். டிஜிடாலிஸ் என்ற ஐரோப்பியப் பூச்செடி. நாட்டு வைத்தியப் பெண்மணி ஒருவரின் கைமருந்தைக் கேள்விப்பட்டு ஆராய்ந்து, 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் அதைப் பற்றி எழுதினார். அவர் எழுதியதில் பாதி, எவ்வளவு கொடுத்தால் ஆள் வாந்தி எடுப்பான், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான். மூலிகைக்குப் பக்க விளைவு இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

#7 திருவனந்தை

அரளி என்றதும் ஞாபகம் வந்தது. 2024 ஏப்ரல் கடைசியில் ஆலப்புழை மாவட்டத்தில் இளம் நர்ஸ் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நாளில் மயங்கி விழுந்து இறந்துபோனார். கிளம்பும் முன் வீட்டு வாசலில் இருந்த அரளியைத் தெரியாமல் மென்றிருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. அதே நாட்களில் அரளி தின்ற பசுவும் கன்றும் செத்த செய்தியும் வந்தது. மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. துளசி, தெச்சி, ரோஜா போன்றவை போதும் என்றார்கள். மற்றப் பூஜைக்கு அரளியைத் தடை செய்யவில்லை. கவனியுங்கள், சுவாமிக்குச் சாத்துவதை நிறுத்தவில்லை. பக்தர் கைக்கும் வாய்க்கும் போவதை மட்டும் நிறுத்தினார்கள்.

#8 சித்தர்வழி

ஒரு செய்தியை வைத்துக்கொண்டு பயமுறுத்துகிறீர்கள். ஊமத்தை சேர்ந்த ஆயுர்வேத மருந்து எத்தனை இருக்கிறது, எருக்கம்பூ சேர்ந்த ஆஸ்துமா மருந்து இருக்கிறது. அதெல்லாம் சாப்பிடுபவர்கள் செத்தா போய்விட்டார்கள்?

#9 நாட்டுமருந்துக்கடை

நல்ல கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

அந்த மருந்துகளில் ஊமத்தை அப்படியே போவதில்லை. சுத்தி செய்வார்கள். விதையைக் கோமியத்தில் ஊறவைப்பது, துணியில் முடிந்து பசும்பாலில் தொங்கவிட்டுக் காய்ச்சுவது. எட்டிக்கொட்டையைப் பாலில் வேகவைத்துத் தோல் உரித்து நெய்யில் வறுப்பார்கள். நாவிக்கும் குன்றிமணிக்கும் தனித்தனி முறை உண்டு. அப்புறம் அளவு. அரிசி எடை, குன்றி எடை என்று எண்ணிக் கொடுத்தார்கள். அப்புறம் அனுபானம்: தேனா, நெய்யா, வெந்நீரா. அப்புறம் பத்தியம். இந்த நான்கையும் கழற்றி எறிந்துவிட்டு இலையின் பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவனுக்குத்தான் பக்க விளைவு தெரியாது. வைத்தியருக்குத் தெரியும்.

ஒரு சின்ன உதாரணம், எல்லோர் வீட்டிலும் இருப்பது. நாட்டு மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரை கூடாது, மருந்தை முறிக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா? ஒரு பொருள் இன்னொரு மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்ற அறிவு அது. இன்றைக்கு டாக்டர் 'இந்த மாத்திரையோடு அதைச் சாப்பிடாதே' என்றால் அதே விஷயம்தான். பாட்டி சொன்னால் பத்தியம் என்போம், டாக்டர் சொன்னால் பயமுறுத்துகிறார் என்போம்!

#10 குருக்கள்வீட்டுப்பிள்ளை

கோயில் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அப்பா சிவாச்சாரியார், நானும் சில வருடம் பூஜை செய்தவன்.

சிவனுக்குச் சாத்திக் களைந்த பூவும் இலையும் நிர்மால்யம். அது சண்டிகேசுவரருக்கு உரியது. அதனால்தான் அவர் சந்நிதியில் கையைத் தட்டி, எதுவும் எடுத்துப் போகவில்லை என்று காட்டிவிட்டு வருகிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பூஜை முடிந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் எங்கள் முறையில் இல்லை. வீட்டுச் சதுர்த்தியிலும் புனர்பூஜை முடித்துப் பிள்ளையாரோடு சேர்த்து நீரில் விடுவதுதான் வழக்கம். உங்கள் மாமனாரிடம் மருத்துவம் பேசாதீர்கள். 'மாமா, பத்திரத்தைப் பிள்ளையாரோடு கரைக்காமல் வைத்துக்கொண்டால் பூஜை பூர்த்தி ஆகாதே' என்று சொல்லுங்கள். சாஸ்திரம் தெரிந்த பெரியவர் என்றால் யோசிப்பார்.

உட்கொள்ளக் கொடுப்பது வேறு. பெருமாள் கோயிலில் தீர்த்தம், துளசி. சிவன் கோயிலில் விபூதி. சில ஊரில் வில்வம். அதுவும் எவ்வளவு? ஓர் உத்தரணி, ஓர் இலை.

#11 காவிரிமருமகள்

இது நல்ல யோசனை. மூன்றாம் நாளே பிள்ளையாரைக் கரைத்துவிட்டோம், இலைகளை மட்டும் அவர் நிறுத்தி வைத்துக்கொண்டார். வாய்க்காலில் விட்டுவிடலாம் என்று இன்று மாலை பேசிப் பார்க்கிறேன்.

வில்வமும் துளசியும் என்ன செய்வது? அதை நிறுத்தச் சொன்னால் வீட்டில் யுத்தம்.

#12 மருந்தாளுநர்72

நிறுத்தச் சொல்ல வேண்டாம். அளவைக் கேளுங்கள்.

வில்வ இலை சர்க்கரையைக் குறைப்பதாக விலங்குகளில் நடந்த ஆய்வுகள் பல உண்டு. மனிதரில் அவ்வளவு உறுதியாகத் தெரியாது. ஆனால் கிளிமிபிரைடு போடுபவர் வெறும் வயிற்றில் தினமும் வில்வம் மென்று, அப்புறம் பூஜை முடித்துப் பத்து மணிக்குச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்க வாய்ப்பு உண்டு. வில்வத்தைவிட அந்தத் தாமதம்தான் பெரிய குற்றவாளி. ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி என்று விரதம் இருக்கும் சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். வீட்டார் 'அம்மன் வந்துவிட்டாள்' என்று கற்பூரம் காட்டிய வீடும் உண்டு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் அம்மன் மலையேறினாள். விரத நாளுக்கு மாத்திரை அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

துளசி, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதற்கு ஆய்வகத்தில் சான்று இருக்கிறது. தீர்த்தத்தோடு இரண்டு இலை ஒன்றும் செய்யாது. அசிட்ரோம் சாப்பிடுபவர் தினமும் கைப்பிடி தின்பது வேறு கதை. அதைவிட முக்கியம், ஒரு வாரம் கைப்பிடி, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறி மாறி இருக்கக் கூடாது. பச்சை இலைகளில் உள்ள வைட்டமின் கே அசிட்ரோமுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். அருகம்புல் சாறும் அப்படித்தான். பூங்கா வாசலில் நடைப்பயிற்சிக்காரர்கள் டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்களே, அதில் அசிட்ரோம்காரர் யாராவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது என்னென்ன இலை, சாறு, சூரணம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். 'வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா' என்று டாக்டர் கேட்டால் நம் ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள், சூரணத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னும் இரண்டு. தொண்டைக்கு அதிமதுரம் வாயில் போட்டுக்கொள்வாரா? மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடி உண்டா?

#13 காவிரிமருமகள்

அடக் கடவுளே! தேவாரம் பாடுவார், அதனால் அதிமதுரம் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். நிலாவாரை எப்போதாவது.

#14 மருந்தாளுநர்72

அதிமதுரம் அதிகமானால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். நிலாவாரையை அடிக்கடி போட்டு வயிறு போனாலும் பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் அதே டிகாக்சின் மாத்திரையே நஞ்சாகத் தொடங்கும். குமட்டல், பசியின்மை, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவது, துடிப்பு ரொம்பக் குறைவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. பாடுவதற்குக் கல்கண்டு வேண்டாம், சர்க்கரைக்காரர். வெந்நீர் போதும்.

அடுத்த முறை போகும்போது பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பரிசோதனைதான்.

#15 கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், குழந்தைகளையும் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு காலத்தில் சளிக்குக் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவார்கள். மாரியம்மன் மரத்து எண்ணெய் கெடுதல் செய்யுமா என்ற நினைப்பு. வாந்தி, மூச்சு வேகமாவது, வலிப்பு, மயக்கம், ஈரல் பாதிப்பு என்று குழந்தைகள் வந்ததை இங்குள்ள மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதற்கப்புறம் வெளியூர் மருத்துவர்களும் வேப்பெண்ணெய் என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தலைவாசலில் வேப்பிலை கட்டுவதும், அம்மை இறங்கியதும் வேப்பிலை போட்ட நீரில் குளிப்பாட்டுவதும் வேறு. எண்ணெயைக் குழந்தை வாயில் ஊற்றுவது வேறு.

கற்பூரமும் அப்படித்தான். ஆரத்திக் கற்பூரம் பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். பூஜை மாடம் தாழ்வாக இருந்தால் தவழும் பிள்ளை எடுத்து வாயில் போட்டுவிடும். ஒரு கிராம் போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து, சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சளிக்குக் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் நிறையத் தடவுவதும் கைக்குழந்தைக்கு ஆகாது, தோல் வழியாகவே உள்ளே போகும்.

#16 பேர்சொல்லாதது

என் பெயரைப் பார்த்தாலே நான் எதைப் பற்றி எழுத வந்தேன் என்று தெரிந்திருக்கும். வசம்பு! காப்புக் கட்டி, கையில் வளையலாகப் போட்டு, சுட்டுக் கரியாக்கித் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள் எல்லோரும். அதுவும் விஷமா?

#17 நாட்டுமருந்துக்கடை

சுட்ட வசம்பில் ஒரு துளி நாக்கில் தடவியதற்கும், யூடியூப் பார்த்து வசம்புப் பொடியைப் பாலில் கலந்து தினமும் கொடுப்பதற்கும் தூரம் அதிகம். நம் நாட்டு வசம்பில் பீட்டா அசரோன் என்ற எண்ணெய்ச் சத்து நிறைய இருக்கிறது. எலிகளில் புற்றுக்கட்டி வந்ததால் அமெரிக்காவில் 1968லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். காப்பு கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் பிள்ளை வளையலைச் சப்பிக்கொண்டே இருக்கும், அதைப் பாருங்கள். கைக்குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. உரைமருந்தில் சேரும் ஜாதிக்காயும் அப்படியே. அளவு கூடினால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று தாய் சந்தோஷப்படுவாள், அது தூக்கம் அல்ல, மயக்கம்.

#18 வலிகாமத்தான்

யாழ்ப்பாணத்தில் இருந்து. மஞ்சளரளியை நாங்கள் மஞ்சள் அலரி என்போம், வேலிக்கு வேலி நிற்கும். கோயிலுக்குப் பூப் பிடுங்குவதும் அதில்தான். எங்கட ஆஸ்பத்திரிகள் இதில் பட்ட பாடு உலகத்துக்கே பாடப்புத்தகம் ஆகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். யாராவது, குறிப்பாகச் சிறுவர்கள், காயை வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் என்று புகட்டி வாந்தி எடுக்க வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். 'இப்ப நல்லாத்தானே இருக்கிறான்' என்று வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. துடிப்பு பிந்தியும் தப்பும். அந்தச் செடியின் ஒரு கிளையை முறித்துக் கையோடு கொண்டு போங்கள், வைத்தியருக்கு அது பெரிய உதவி.

#19 மருந்தாளுநர்72

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 108ஐக் கூப்பிடுங்கள்.

#20 மண்பிள்ளையார்

சதுர்த்தி இழையில் யாரும் குன்றிமணியைத் தொடவில்லையே! மண் பிள்ளையாருக்குக் கண் வைப்பது அதில்தான். என் இரண்டு வயது மகள் நேற்று பிள்ளையாரின் ஒரு கண்ணைப் பிடுங்கி விழுங்கிவிட்டாள். இதுவரை ஒன்றும் இல்லை. கடைக்காரர் பட்டியலில் குன்றிமணியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது.

#21 மருந்தாளுநர்72

விழுங்கினாளா, கடித்தாளா என்பதுதான் கேள்வி. குன்றிமணிக்குள் இருக்கும் அப்ரின் மிகக் கடுமையான நஞ்சு. ஆனால் ஓடு கெட்டி. முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தோ உடைத்தோ, ஊசி குத்தி மாலை கோக்கத் துளை போட்ட மணியாக இருந்தோ உள்ளே போனால் ஆபத்து. அறிகுறி வர ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். அதனால் 'ஒன்றும் இல்லை' என்று இருக்காமல் இப்போதே குழந்தை மருத்துவரிடம் போங்கள். இழையில் பதில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள்.

#22 நாட்டுமருந்துக்கடை

போய்விட்டு வந்து எழுதுங்கள். அடுத்த வருடம் மிளகு வையுங்கள், பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

முருகன் பக்தர்களுக்கும் ஒன்று. கார்த்திகைப்பூ, அதாவது செங்காந்தள். நம் மாநிலப் பூ. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள். விதையில் கால்ச்சிசின் இருக்கிறது, கீல்வாதத்தில் ஒரு வகைக்கு அது மருந்து, ஏற்றுமதி ஆகிறது. கிழங்கு பார்க்க வள்ளிக்கிழங்கு மாதிரி இருப்பதால் தெரியாமல் வேகவைத்துத் தின்றவர்கள் உண்டு. வாந்தி, பேதியில் தொடங்கி உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கும். தொட்டியில் வளர்ப்பவர்கள் கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

#23 சித்தர்வழி

சரி, விஷச் செடிகளை விடுங்கள். சீந்தில், அமுக்கரா? கொரோனா காலத்தில் அரசே சொன்னது. அதற்கும் ஏதாவது வைத்திருப்பீர்களே?

#24 மருந்தாளுநர்72

வைத்திருக்கிறேன், ஆனால் ஒருபக்கமாக இல்லை.

2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஒரு மருத்துவமனைக்கு ஈரல் பாதிப்போடு வந்த ஆறு பேர் சீந்தில் சாப்பிட்டவர்கள் என்று 2021இல் கட்டுரை வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அது சீந்தில்தானா, அதே இனத்து வேறு கொடியா என்று பார்க்கவில்லையே என்றார்கள். நியாயமான கேள்விதான், இரண்டும் சந்தையில் கலக்கின்றன. அப்புறம் 2022இல் நாடு முழுக்க 13 மையங்களில் 43 பேரை வைத்துப் பெரிய கட்டுரை வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் ஈரலையே தாக்கும் நோய் உள்ளுக்குள் இருப்பவர்களுக்கு அதைச் சீந்தில் தூண்டிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்றார்கள், கூட்டியது!

அமுக்கராவும் சிலருக்கு ஈரலைத் தொடுகிறது, தைராய்டு சுரப்பைக் கூட்டுகிறது. டென்மார்க்கில் 2023இல் தடையே செய்துவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, மஞ்சள்காமாலை வந்தவர் தவிர்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். யாராயிருந்தாலும் கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்த நிறமானால் அன்றே நிறுத்த வேண்டும்.

#25 நாட்டுமருந்துக்கடை

சீந்திலைப் பற்றிச் சண்டை போட இடம் இருக்கிறது. எனக்கு நிஜமாகப் பயம் தருவது ஈஸ்வரமூலி. பாம்பு வராது என்று வாசலில் வளர்க்கிறார்கள், ஈசன் பெயர் இருப்பதால் தெய்வ மூலிகை என்று இலையைத் தினமும் மெல்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் ஆடுதீண்டாப்பாளையிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தை மெல்ல மெல்லச் சுருக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் கொண்டு வரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பலருக்கு முழுக்கவே செயலிழந்தது. கலந்துபோயிருந்தது இந்த இனத்துச் செடி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் வகையில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் வைத்திருக்கிறது. இன்று தின்றால் நாளை ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் 'எங்கள் தாத்தா தின்றார், நன்றாக இருந்தார்' என்ற கணக்கு இதில் செல்லாது. எங்கள் கடையில் இதை விற்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. கேட்டு வருபவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.

#26 மண்பிள்ளையார்

மருத்துவரைப் பார்த்தோம். முழு மணிதான் போயிருக்கிறது, இன்று காலை வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் கவனிக்கச் சொன்னார். இன்னொரு கண்ணையும் நானே பிடுங்கிவிட்டேன்.

#27 காவிரிமருமகள்

நிம்மதி. எங்கள் வீட்டு நிலவரம்: குருக்கள்வீட்டுப்பிள்ளை சொன்னபடி பூஜை பூர்த்தி பற்றிப் பேசினேன். மாமனார் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் 'எருக்கும் ஊமத்தையும் அரளியும் மட்டும் வாய்க்காலுக்கு, மற்ற 18ஐ நான் குடிக்கிறேன்' என்கிறார். பேரம் பேசுகிறார்! என்ன செய்ய?

#28 நாட்டுமருந்துக்கடை

உலர்ந்து சுருண்ட 21 இலையில் எது அரளி, எது மாவிலை என்று எனக்கே வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் பொறுக்கினால் ஒன்று தப்பிவிடும். முறத்தோடு போகட்டும். மருந்து வேண்டும் என்று ஆசைப்பட்டால் பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு கூட்டிப்போங்கள். சென்னைப் பக்கம் வரும்போது தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மருந்தால் ஏதாவது கெடுதல் நேர்ந்தால் அதைப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடும் அங்கே உண்டு. அங்கிருக்கும் மருத்துவர் 'வேண்டாம்' என்று சொன்னால், அது ஆங்கில மருத்துவச் சதி என்று அவரால் சொல்ல முடியாது.

#29 போகர்தாசன்

தாமதமாக வந்தேன், மன்னிக்கவும். இழைக்குத் தொடர்புடைய கேள்விதான். ஆன்லைனில் நவபாஷாண மணி வாங்கியிருக்கிறேன். இரவு பாலில் போட்டு வைத்துக் காலையில் குடிக்கச் சொல்கிறார்கள். சர்க்கரைக்கு நல்லதாம். பழனி அபிஷேகப் பிரசாதம் மாதிரிதானே?

#30 மருந்தாளுநர்72

குடிக்காதீர்கள். பாஷாணங்களில் பாதிக்கு மேல் ஆர்சனிக், பாதரசக் கூட்டுகள். போகர் கட்டியதாக நம்பப்படும் மூலவர் பழனியில் இருக்கிறார். உங்களுக்குத் தபாலில் வந்தது யார் கட்டியது, எதில் கட்டியது என்று சொல்ல முடியுமா? இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 193ஐ அமெரிக்காவில் சோதித்து 2008இல் எழுதினார்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உங்கள் கையில் இருப்பது, அவை இருக்கிறது என்று சொல்லியே விற்ற பொருள். ஏற்கெனவே குடித்திருந்தால் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், சிறுநீரிலும் ரத்தத்திலும் பார்க்க முடியும்.

#31 மட்டுறுத்துநர்

நவபாஷாணத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். போன முறை அது மூலவர் சிலை பற்றிய சண்டையாக மாறிப் பூட்ட வேண்டியதாயிற்று. இந்த இழை திறந்தே இருக்கும். காவிரிமருமகள், முறம் வாய்க்காலுக்குப் போனதும் ஒரு வரி எழுதுங்கள்.